ஞாயிற்றுக்கிழமைக் கூலி

விருதுநகரைத் தாண்டியதும் ரயில் ஜன்னலில் கரிசல் விரிகிறது. அதன் மேல் சீமைக் கருவேல். நடுநடுவே ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள். புதிதாக வருகிறவர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்துவிடுவார்கள். பட்டாசு ஆலைகள் அவை. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதும் விதி. அந்த விதி எங்கெல்லாம் மீறப்பட்டதோ அங்கெல்லாம் செத்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. திருத்தங்கல் வந்தது, அடுத்து சிவகாசி. ஸ்டேஷனுக்கு வெளியே அச்சகங்களின் பெயர்ப்பலகைகள், வெடிக்கடைகள், அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டிகள்.

இந்தத் தடவை நான் வந்தது பட்டாசு பார்க்க இல்லை. ராக்லாந்து ஐயர் என்ற ஆங்கில மிஷனரி செத்த ஊர் இது. தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து, 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறி, கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலாளர் வேலை கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் அந்த வேலையை விட்டுவிட்டு 1854-இல் வட திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். அன்று சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்று இரண்டு இளைஞர்கள் கூட வந்தார்கள். பங்களா கிடையாது, கூடாரம்தான். ஓர் ஊர்ப் புறத்தில் அடிப்பார்கள், சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தும் குதிரையிலும் போய்ப் பேசுவார்கள், பிறகு கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போவார்கள். தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சீமைகளில் சபைகள் ஏற்கெனவே ஊன்றியிருந்தன. அந்தத் தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. குடும்பம் இல்லாத ஆண்கள்தான் இந்த ஊழியத்துக்குத் தோதானவர்கள் என்பது ராக்லாந்தின் எண்ணம். வெயிலும் அலைச்சலும் அவர் நெஞ்சைத் தின்றன. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில், நுரையீரலில் ரத்தக்குழாய் உடைந்து, தம் 43-ஆம் வயதில் இறந்தார். பிற்பாடு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார்.

அந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு கேள்வியில் போய் நிற்கும். கூடாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. அப்படியானால் நின்ற இடத்தில் நின்றது யார்? 170 வருஷமாக இந்தச் சபைகளில் விளக்கேற்றி, பாய் விரித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தது யார்? பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

சிவகாசியின் மேற்கில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், சாட்சியாபுரம். மிஷன் காலத்தில் உருவான குடியிருப்பு இது. வேப்பமரங்களும் பள்ளிக்கூடங்களுமாக, ஊரின் மற்ற பகுதிகளைவிட ஒரு சுற்று அமைதியாக இருக்கும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சி.எஸ்.ஐ. பள்ளி இங்கேதான் இருக்கிறது. பக்கத்துத் தெரு ஒன்றில், எண்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பாட்டி இருப்பதாக உபதேசியார் சொன்னார். "நம்ம சபையில அவங்களவிட மூத்தவங்க இல்ல. பேசச் சொன்னா பேசுவாங்க. ஆனா சாயங்காலம் போங்க, காலையில பைபிள் வாசிச்சு முடிக்கவே பத்து மணி ஆயிரும்" என்றார். பாட்டியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். ஓட்டு வீடு, முன்னால் சிமென்ட் திண்ணை. கதவுக்கு மேலே சிவகாசியில் அச்சடித்த வசனக் காலண்டர். "வாய்யா, தோத்திரம். மொதல்ல தண்ணி குடி" என்றார். முகத்தைவிடக் கைதான் என் கண்ணில் முதலில் பட்டது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்பக்கமாக வளைந்து, சும்மா மடியில் கிடக்கும்போதும் எதையோ மடித்துக்கொண்டிருப்பது போன்ற நிலையில் இருந்தன. தீப்பெட்டி ஒட்டிய விரல்கள்.

தீப்பெட்டி இந்த ஊருக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த வருஷமே இங்கே ஆரம்பித்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில், காய்ந்த காற்றே முதலாக ஒரு தொழில் எழுந்து நின்றது. பிறகு பட்டாசு, பிறகு அச்சு. அந்தத் தொழிலின் பாதி ஆலைக்குள் நடக்கவில்லை, வீட்டுத் திண்ணையில் நடந்தது என்பதுதான் அந்தக் கதையில் விட்டுப்போகும் பகுதி. ஏஜென்ட் மெல்லிய மரச்சீவலும் நீலத்தாளும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். வீட்டுப் பெண்கள் பெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். கூலி குரோசுக் கணக்கு. ஒரு குரோசு என்றால் 144 பெட்டி.

பாட்டி எனக்குச் செய்து காட்டினார். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டார். பசை இல்லை, எச்சில்கூடத் தொடவில்லை, வெறும் விரல்தான். நீளத் துண்டை நான்காக மடித்தார், மூலையைத் தட்டினார், அடித்தாளை உள்ளே தள்ளி நான்கு பக்கமும் ஒரு நீவு நீவினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி நின்றது. "பசையில மயில் துத்தம் போடணும். இல்லன்னா எலியும் பாச்சையும் தின்னுரும். அந்தக் கையோட புள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது, வெசம். ஒவ்வொரு வாட்டியும் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். அதுலயே பாதிப் பொழுது போயிரும்" என்றார். ஐந்து பிள்ளைகளை அந்தக் கையால் ஊட்டி வளர்த்திருக்கிறார். ஆறாவது பிள்ளை பால்குடியிலேயே போய்விட்டது. அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை, விரல்கள் மட்டும் அந்தக் காகிதப் பெட்டியைத் திரும்பப் பிரித்து நேராக்கின.

ஐந்தாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடம். பதினேழு வயதில் கல்யாணம். வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிற வேலை. இந்தப் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மாமியார் வீட்டில் கோயிலுக்குப் போகும் பழக்கம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான். பாட்டி பிறந்த வீட்டில் ஞாயிறு என்றால் ஞாயிறு. கல்யாணமான முதல் வருஷம் தீபாவளிக்கு முந்தின சீசனில் பிரச்சினை வெடித்தது. ஏஜென்ட் கூடுதலாகச் சரக்கு இறக்கிவிட்டுப் போய்விட்டார், திங்கள் விடிவதற்குள் வேண்டும் என்று.

"சனிக்கிழம ராத்திரி மணி பன்னெண்டுக்குப் பசைச் சட்டியக் கழுவிக் கவுத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்டே இருந்தாரு. நாளைக்கு யாரு ஒட்டுவான்னு கேட்டாரு. நான் ஒட்ட மாட்டேன்னேன். ரெண்டு நாளு பேசல. ஞாயித்துக்கிழம நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா, அவரே உக்காந்து கோணக்கோணலா ஒட்டிக்கிட்டு இருக்காரு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கூட உக்காரல."

பக்தியுள்ள மனைவி, தாய் என்றதும் நம் மனதில் குனிந்த தலையும் மெல்லிய குரலும்தான் வருகின்றன. இரங்கல் கூட்டங்களில் அப்படித்தான் பேசுகிறார்கள்: அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர். எனக்கு அந்தச் சித்திரம் கோபத்தை உண்டாக்குகிறது. துண்டுக் கூலிக்கு உழைக்கும் வீட்டில் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அடக்கம் அல்ல. வருஷத்துக்கு 52 ஞாயிறு. அறுபது வருஷத்துக்கு 3,120 நாள். அத்தனை நாள் கூலியையும் அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அரிசிப்பானையின் அடி தெரிந்த வாரங்களிலும் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட்டிடம், மாமியாரிடம், புருஷனிடம், சில சமயம் பசித்த பிள்ளைகளிடமே.

ஏன் என்று நேராகவே கேட்டேன். கட்டளை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "கட்டளைதான். ஆனா அந்த நாள ஆண்டவரு அவருக்காகவா கேட்டாரு? எனக்காகத்தான் வச்சாரு. ஆறு நாளும் ஏஜென்ட்டு சொன்னபடி, மாமியா சொன்னபடி, புள்ளைக சொன்னபடி. ஏழாம் நாளு நான் வெள்ளச் சேல கட்டிக்கிட்டு, கையில பசை நாத்தம் இல்லாம, ஒரு எடத்துல உக்காந்து பாடுவேன். அத விட்டுட்டா எனக்கு என்ன இருக்கு?"

அண்ணா சத்தியநாதனின் ஞாபகம் அப்போது வந்தது. திருநெல்வேலிச் சபையின் முதல் தமிழ்க் குருவானவர்களில் ஒருவரான ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். ராக்லாந்தின் வட திருநெல்வேலி ஊழியத்தில் பங்கெடுத்த சத்தியநாதன் ஐயரின் மனைவி. பிறகு சென்னையில் குடியேறி, பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களிடம் போய்ப் பாடம் சொன்னார். நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். 1890-இல் இறந்தார். பிள்ளையைச் சுத்தமாக வளர்ப்பது, வீட்டில் ஜெபம் நடத்துவது, அறிவோடு பேசுவது என்று அந்தக் காலத்து மிஷன் இல்லங்கள் காட்டிய நல்ல தாய் பெரிய இலட்சியம்தான். ஆனால் அந்த இலட்சியம் உருவான வீடுகளில் குரோசுக் கணக்குக் கிடையாது. மயில் துத்தப் பசையோடு நல்ல தாயாக இருப்பதைக் கரிசல்காட்டுப் பெண்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போனேன். முதல் மணிக்கே பாட்டி திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார். பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், கண்ணாடி, காணிக்கைச் சில்லறை முடிந்த கைக்குட்டை எல்லாம் ஒரு துணிப்பைக்குள். கூடவே ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் அரிசி. இந்தப் பக்கத்துச் சபைகளில் அதற்குக் கைப்பிடி அரிசி என்று பெயர். உலை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதை விற்ற காசு சபைச் செலவுக்கும் ஏழைகளுக்கும் போகும். தென் தமிழ்நாட்டில் எத்தனையோ சபைகளின் வரவுக்கணக்கு இந்தப் பிடியில்தான் தொடங்கியது. தெற்கத்திச் சபைகள் வடக்கே உபதேசிமாரை அனுப்பியதாகச் சொன்னேனே, அந்தச் சபைகளை நிரப்பியவர்களும் பனையேறிகளும் கூலிக்காரர்களும்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இம்மாதிரி சிறுதுளிகளை நம்பித்தான் எழுந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் கவரில் பணம் போட்டுவிடுகிறார்கள். ரேஷன் அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு காலத்தில் வாக்குவாதமே நடந்ததாம். "நான் திங்கிற அரிசி எதுவோ அதுதான் ஆண்டவருக்கும்" என்று சொல்லிப் பாட்டி அதை முடித்துவைத்திருக்கிறார்.

கோயிலில் பெண்கள் பக்கம் முதல் வரிசை அவருடையது. அந்த முதல் வரிசைக்கு இந்த ஊரில் ஒரு கனம் உண்டு. நாடார்கள் சிவன் கோயிலுக்குள் நுழைவதைத் தடுத்த தகராறுதான் முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கும் கலவரமாக வெடித்தது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட சாதியின் பெண், உள்ளே, பீடத்துக்கு நேரே உட்கார முடிந்தது என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அதே சமயம், அந்த வாசலுக்குள்ளும் சாதி வந்தது. இதே விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கத்தோலிக்கச் சபைக்குள் தலித் கிறிஸ்தவர்கள் பட்ட அவமானத்தை 1992-இல் 'கருக்கு' நூலில் எழுதியதை மறந்துவிட்டு இந்தப் பெருமையை மட்டும் பேசினால் அது பொய்யாகும். முதல் வரிசை எல்லாப் பாட்டிகளுக்கும் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூட்டம். யார் வீட்டில் சீக்கு, யாருக்குப் பிரசவம், யார் மகனுக்கு வேலை போயிற்று என்று ஐந்து நிமிஷத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும் இதே மரத்தடியில்தான் கூடினார்களாம். அரிசி, பருப்பு, பழைய சேலை என்று கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்கும் போயிருக்கிறார்கள். பாட்டிக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. "எந்த வீடு, எந்த சாமின்னு பாக்கல. தீக்குப் பேதம் தெரியுமா? போனவுடனே ஜெபம் பண்ணலாமான்னு கேட்டா அது தப்பு. மொதல்ல அடுப்ப மூட்டி அந்தப் புள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கணும்" என்றார். இந்தப் பாடத்தை எந்த இறையியல் கல்லூரியிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை.

வேலையும் விசுவாசமும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று மடிந்து கிடக்கின்றன. ஊருக்கே சோறு போடுவது தீபாவளி. கிறிஸ்தவ வீடுகளிலும் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் துணி தீபாவளி போனஸில்தான் எடுக்கப்படுகிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அந்த ஓய்விலேயே சபையின் கல்யாணங்களும் கீத பவனியும் கிறிஸ்துமஸும் வந்துவிடுகின்றன. புது வருஷ நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை அச்சடிப்பதும் இந்த ஊர் அச்சகங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விதித்து, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, காணிக்கைப் பை லேசாகிவிட்டது என்று உபதேசியார் நினைவுகூர்ந்தார். அந்த மாதங்களில் கைப்பிடி அரிசிப் பானைகள் சில வீடுகளில் திரும்பவும் வெளியே வந்தனவாம்.

மத்தியானம் சாப்பிடாமல் விடவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பு, மருமகள் சமையல், மேற்பார்வை பாட்டி. சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதம். பதினொரு வருஷம் கட்டிலில் கிடந்திருக்கிறார். திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, அவ்வளவும் பாட்டிதான். அந்தப் பதினொரு வருஷம் கோயிலுக்கு எப்படிப் போனீர்கள் என்றேன்.

"அவரு விட்டாத்தான?" என்று சிரித்தார். "வாய் கொழறும். ஆனா ஞாயித்துக்கிழம மட்டும் நாலு மணிக்கே முழிச்சிருவாரு. மொத மணி அடிச்சுட்டான், இன்னும் கெளம்பலையான்னு சத்தம் போடுவாரு. பக்கத்து வீட்டு அம்மா, மாரியம்மன் கோயிலுக்குப் போறவுக, வந்து உக்காந்துக்குவாக. நான் போயிட்டு வந்ததும் என்ன வசனம், என்ன பாட்டுன்னு கேப்பாரு. நான் பாடிக் காட்டணும். கல்யாணம் கெட்டுன வருசம் சட்டியக் கவுத்ததுக்கு ரெண்டு நாளு பேசாதவருதான்."

நான் கிளம்பும் நேரத்துக்குப் பாட்டியின் பேத்தியிடமிருந்து போன் வந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கும் டூட்டியாம், அதற்கு முந்தின ஞாயிறும் டூட்டியாம். மருமகள் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அறுபது வருஷம் சட்டியைக் கவிழ்த்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் காது கொடுத்தேன்.

"சீக்காளியப் பாக்குறதுக்குப் போயி ஏன்டி அழுவுற? அதுக்கு ஆண்டவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு" என்றார் பாட்டி. "ஆனா அதுக்குப் பதிலா வேற எந்தக் கெழமை ஒனக்கு லீவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்க. வாயால சொன்னா நம்பாத. அந்த நாளு ஒனக்கு. துணி தொவைக்க, கூட இருக்கிறவளுக்குச் சமைச்சுப் போடன்னு அதைக் கரைச்சுட்டு வந்து என்கிட்ட நிக்காத."

பேத்தி செவ்வாய்க்கிழமை என்றாள். பாட்டி மருமகளைக் கூப்பிட்டுக் கதவுக்கு மேலிருந்த காலண்டரை இறக்கச் சொல்லி, அந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் பேனாவால் வட்டம் போட வைத்தார்.